மேற்கிலிருந்து வந்த மரம்

ஊரூர் குப்பத்து ஆண்களுக்குத் தரையில் நடக்கத் தெரியாது என்பது பச்சையம்மாவின் தீர்மானம். அலைமேல் நிற்கச் சொன்னால் நிற்பார்கள். தரையில் இறக்கிவிட்டு நாலு மைல் போய்வரச் சொன்னால், கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, பூமி எந்தப் பக்கம் சாயுமோ என்று பார்த்துப் பார்த்து அடியெடுப்பார்கள். அவள் புருஷன் அங்கமுத்து அன்று விடியற்காலையில் அப்படித்தான் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். மார்கழிப் பனி. கவர்னர் காட்டின் ஓரமாகப் போகிற பாதையில் நாலடி தள்ளி ஆள் தெரியவில்லை.

"இன்னாய்யா, இடுப்பளவு தண்ணில நடக்கிறா மாரி நடக்கிற? எட்டி வையி."

"நடந்துக்கினுதானே கீறேன்."

"வெயில் ஏறங்காட்டியும் சைதாப்பேட்ட போவணும். உன்ன முன்னால வுட்டா மத்தியானம் ஆயிடும்."

"அப்ப நீ முன்னால போ. யாரு வேணாம்னா?"

அவள் முன்னால் போனாள். தலையில் கூடை. கூடைக்குள் கேழ்வரகுக் களியும் சுட்ட நெத்திலிக் கருவாடும். மடியில் ஒரு முடிச்சு. காதில் கிடந்த தோடு இப்போது அந்த முடிச்சுக்குள் காசாக இருந்தது. காது லேசாகத்தான் இருந்தது.

கார்த்திகைப் புயலில் அவர்களுடைய மரம் போய்விட்டது. முழுதும் போகவில்லை. குப்பத்தில் மரம் என்றால் கட்டுமரம்; அது ஒரே மரம் அல்ல. கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, கடலில் தள்ளுவார்கள். கரைக்குத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். அங்கமுத்துவின் மரம் மூன்று கட்டை. புயல் ராத்திரியில் கடல் மேடேறி வந்து நடுக்கட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பக்கக் கட்டை இரண்டும் குடிசைக்குப் பின்னால் கிடந்தன. நடு இல்லாமல் அந்த இரண்டும் அடுப்புக்குத்தான் ஆகும்.

அதன்பிறகு அங்கமுத்து யாருடைய மரத்திலோ கூலிக்குப் போனான். மகன் ரங்கனும் போனான். இருபத்திரண்டு வயசு. பிறத்தியான் மரத்தில் பிறத்தியான் அதட்டலுக்குத் துடுப்புப் போடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. ரங்கூன் துறைமுகத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஒருவன் வந்தான், பேசினான். இன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ரங்கன் சண்டை போடவில்லை. நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"நைனா, பொழுது சாயறதுக்குள்ள நம்ம மரம் கரைல கெடந்தா நான் எங்கியும் போவல. இல்லன்னா என்னத் தடுக்காத."

நல்லவேளையாக நேற்றுத்தான் சேதி வந்திருந்தது. சைதாப்பேட்டை குலாம் ரசூல் சாயபுவின் மரம் விற்கிற தொட்டியில் மலைவேம்புக் கட்டைகள் ரயிலில் வந்து இறங்கியிருக்கின்றன. கடலுக்கு மலைவேம்புதான் வேண்டும். பஞ்சு மாதிரி மிதக்கும். வேறு எதைக் கட்டினாலும் அலை ஏறாது. அங்கமுத்து ராத்திரியே சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பக்கக் கட்டைகளை அளந்தான். சணல் கயிற்றில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சு வால் பருமன், இரண்டாவது நடுப் பருமன், மூன்றாவது நீளம். அடையாளத்துக்குச் சிவப்புத் துணி ஒரு கிழிசலைக் கட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு படுத்தான். தூங்கினானா என்பது பச்சையம்மாவுக்குத் தெரியும். தூங்கவில்லை.

பனி விலகி வெயில் வந்தபோது பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சைதாப்பேட்டை.

மீன் விற்று மயிலாப்பூர், மந்தைவெளி என்று தெருத்தெருவாக நடந்தவள்தான் பச்சையம்மா. இந்தப் பக்கம் வந்ததில்லை. இங்கே யாரும் குடியிருக்கிற மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு நெல் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மோட்டார் பஸ் ஒன்று குரலெடுத்துக் கத்தி, வழி கிடைக்காமல் புகை விட்டது. ஒரு காளையைக் கீழே தள்ளி, நாலு காலையும் கட்டி, ஒருவன் லாடம் அடித்துக்கொண்டிருந்தான். அது நாக்கைத் தள்ளிக்கொண்டு அவளையே பார்த்தது. கோர்ட்டுக்கு வந்தவர்கள், தாலூகா கச்சேரிக்கு வந்தவர்கள், கோணி விரித்து உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள், சோடா, பீடி, ஆப்பம். ஒரு கடையில் மீன் கூட இருந்தது. எட்டிப் பார்த்தாள். கண் குழிந்து, செவுள் வெளுத்துக் கிடந்தது.

"இத வாங்கித் துன்றாங்களே, மவராசனுங்க," என்றாள்.

ஆனால் அதற்கு முன்பே, பாலத்தின் மேலேயே, நடக்கவேண்டியது நடந்துவிட்டது.

அவர்களுக்கு முன்னால் மூங்கில் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று பாலத்து ஏற்றத்தில் திணறிக்கொண்டு போனது. கட்டியிருந்த கயிறு பிரிந்து ஒவ்வொரு மூங்கிலாகப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. பின்னாலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர். வண்டிக்காரன் முன்னால் மாட்டோடு போராடிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை.

தளர்ந்த கட்டு கண்ணில் பட்டால் குப்பத்துக்காரன் கை சும்மா இருக்காது. அங்கமுத்து ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து மூங்கிலை உள்ளே தள்ளினான். கை தானாக இடுப்புக்குப் போனது, கயிற்றை உருவியது, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. புயலே வந்தாலும் அவிழாத கட்டு.

வண்டிக்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாதா காப்பாத்திச்சு! இல்ல, நீ காப்பாத்தின. எந்த ஊரு அண்ணே?"

"ஊரூர் குப்பம்."

"அதான பாத்தேன், தரைல இருக்கறவன் கட்டு இல்ல இது. எம்பேரு ஞானதாசு. பரங்கிமலை. இத மாம்பலத்துல கொட்டிட்டு மத்தியானம் இதே வழியாத்தான் திரும்புவேன். இந்தா, பீடி வச்சிக்க."

பீடியை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு அங்கமுத்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். பச்சையம்மாவுக்கும் பெருமைதான். வெளியே காட்டவில்லை. ஆப்பக்கடைக்காரிக்கு ஒரு கை கருவாடு கொடுத்து, இரண்டு ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வாங்கி, இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மரத்தொட்டி ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. ஈர மரத்தூள் வாசனை. குழியில் ஒருவன், மேலே ஒருவன் நின்று ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். குலாம் ரசூல் சாயபு வெள்ளைத் தாடியோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மலைவேம்பா? மூணு கீது. மூணும் மாம்பலம் காண்டிராக்டருக்குப் பேசினது. ஏரியைத் தூத்துட்டு ஊடு கட்டறான், அவனுக்கு எம்மாம் மரம் போட்டாலும் பத்தல. நீ கடலுக்குன்னு கேக்கறே. உன் வயித்துல அடிச்சா அல்லா என்னைக் கேப்பார். ஒண்ணு எடுத்துக்க. ஆனா அவன் வண்டி பன்னண்டு மணிக்கு வந்துடும், நானும் தொழுகைக்குப் போவணும். எது வேணும், சட்டுனு சொல்லு. அப்பால மாத்தித் தான்னு வரக்கூடாது."

மூன்று கட்டைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று நெட்டை. ஒன்று குட்டையாகத் தடிமன். ஒன்று நடுவாந்தரம். அங்கமுத்து குனிந்து தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், திருப்தியாகத் தலையசைத்தான். கை இடுப்புக்குப் போனது.

அங்கேயே நின்றது.

பச்சையம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பார்த்தாள்.

"எங்கய்யா கயிறு?"

அவன் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்கன்னு கேக்கறேன்."

"மூங்கி வண்டில."

"அடப்பாவி மனுசா!"

"ஞாபகமே இல்லமே. அவுந்துக்கினு போச்சு, கட்டிட்டேன்."

"ஊரான் மூங்கில கட்டிட்டு நம்ம பொழப்ப அவுத்து வுட்டுட்டியே!"

ரம்பக்காரர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டார்கள். அங்கமுத்து மரத்தூளில் அப்படியே குந்திவிட்டான். நாலு மைல் போய் அளந்துகொண்டு நாலு மைல் திரும்பி வருவதற்குள் காண்டிராக்டர் வண்டி போய்விடும். மூங்கில் வண்டி மத்தியானம் திரும்புகிறவரை காத்திருந்தாலும் அதே கதிதான். மாம்பலம் போய்த் தேடலாம் என்றால், அங்கே முளைத்திருக்கிற ஐம்பது புதுத் தெருவில் எந்தத் தெரு? கண்ணுக்குத் தெரிந்த அளவில் ஒன்றை எடுக்கலாம். ஆனால் நடுக்கட்டை ஒரு சாண் தப்பினால் மரம் வாலில் முழுகும், அல்லது மூக்கு நிமிர்ந்து அலை தூக்கிப் போடும். விற்க ஒரு ஜோடித் தோடுதான் இருந்தது. இன்னொரு ஜோடி இல்லை.

பச்சையம்மா அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கயிறு போச்சு. ஒடம்பு போச்சா?"

"இன்னா சொல்ற?"

"முப்பது வருசமா அந்தக் கட்டைலதானே குந்தின? அந்த முட்டிக்குத் தெரியாதா? எழுந்திரு. ஏறிக் குந்து."

அவன் எழுந்து போய், முதலில் நெட்டைக் கட்டையை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துப் பார்த்தான். தினமும் தோளில் சுமந்த பருமன் கைக்குத் தெரியும்.

"பொண்டாட்டியக் கூட இப்டிக் கட்டிப் புடிச்சிருக்க மாட்டான் போல," என்றான் மேலே நின்ற ரம்பக்காரன்.

"உன் பொண்டாட்டிக்கு நீ ரம்பத்தத் தவிர வேற எதையாச்சும் புடிச்சிக் காட்டினியா, அதச் சொல்லு," என்றாள் பச்சையம்மா.

குழிக்குள் இருந்தவன் சிரித்த சிரிப்பில் மரத்தூள் பறந்தது. சாயபு தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அங்கமுத்து கட்டையின் பின்பக்கம் மண்டி போட்டுக் குந்தினான். கண்ணை மூடினான். இல்லாத துடுப்பைக் கையில் பிடித்தான். முன்னால் சாய்ந்தான், பின்னால் சாய்ந்தான். பிறகு கண்ணைத் திறந்துவிட்டான்.

"தெரியலமே."

"இன்னா தெரியல?"

"முன்னால ரங்கன் இருந்தா சொல்லிடுவேன். ஏழு வருசமா அவன் முதுகப் பாத்துக்கினுதானே துடுப்பு போடறேன். அந்த முதுகு எவ்ளோ தூரத்துல கீது, அதுக்கப்பால மூக்கு எவ்ளோ தூரத்துல கீது, எல்லாம் கண்ணுல நிக்குது. முன்னால ஆளு இல்லாம ஒண்ணும் புடிபடல."

"நான் குந்தட்டா?" என்று மேலே இருந்த ரம்பக்காரன் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான்.

"நீ குந்தினா என் கண்ணுக்கு மூக்கே தெரியாது," என்றான் அங்கமுத்து, அவன் வயிற்றைப் பார்த்து.

பச்சையம்மா கூடையை இறக்கி வைத்தாள். ரங்கனுக்கு அவளுடைய உயரம். அவளுடைய தோள். பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு என்று குப்பமே சொல்லும். அது அங்கமுத்துவுக்கும் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்கமாட்டான். பெண்பிள்ளை மரத்தில் கால் வைக்கக்கூடாது. மணலில் கிடக்கிற துடுப்பைக்கூடத் தாண்டாமல் சுற்றிக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷமும் போயிருக்கிறாள்.

அவள் கட்டையைப் பார்த்தாள். கயிறு படாத, உப்புத் தண்ணீர் படாத, மலையிலிருந்து வந்த கட்டை.

"இது இன்னும் மரம் இல்ல," என்றாள். "கட்டினாத்தான் மரம். இப்ப வெறும் கட்டை. வெறகுக் கட்டைல குந்தினா எந்தக் கடலு கோச்சிக்கும்?"

அங்கமுத்து பதில் சொல்வதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மண்டி போட்டுவிட்டாள். கூடையைத் தனக்குப் பின்னால் வலைக்குவியல் மாதிரி வைத்தாள். கீழே கிடந்த துண்டுப் பலகை ஒன்றைத் துடுப்பாக எடுத்தாள்.

"எந்தப் பக்கம் போடணும்?"

"சோத்தாங்கைப் பக்கம்," என்றான் அவன்.

மரத்தூளில் கிடந்த கட்டையின்மேல் இருவரும் துடுப்புப் போட்டார்கள். குழிக்காரன் வெளியே ஏறி வந்து வேடிக்கை பார்த்தான். ரோட்டில் போனவர்கள் நாலு பேர் நின்றார்கள். பச்சையம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு முட்டி வலித்தது. முப்பது வருஷமாக இவன் இப்படித்தான் குந்துகிறானா என்று நினைத்தாள்.

"இது வேணாம். மூக்கு ரொம்பத் தள்ளிப் போவுது. அலைல ஏறாது."

குட்டைக் கட்டைக்கு மாறினார்கள். அவளுக்கு முன்னால் இரண்டு முழம்கூட இல்லை. "வேணாம்," என்றான் குந்தின உடனேயே.

மூன்றாவது, நடுவாந்தரக் கட்டை. அவன் அணைத்துப் பார்த்தான். குந்தினான். அவள் குந்தினாள். நாலு துடுப்பு, ஐந்து துடுப்பு. அவன் நிறுத்திவிட்டான்.

"இன்னாய்யா?"

"கொஞ்சம் முன்னால நவுரு. இன்னும் கொஞ்சம். ஆ, போதும். அசையாத."

அவன் இறங்கி வந்து, அடுப்புக்கரித் துண்டு ஒன்றால் அவள் முட்டி இரண்டும் பதிந்த இடத்தில் கோடு போட்டான். தான் குந்தின இடத்திலும் போட்டான்.

"பாய், இதுதான்."

"நெச்சியமாவா?"

"தண்ணில போட்டுப் பாத்துட்டு ஒரே பேச்சா சொல்றேன்."

சாயபுவும் ரம்பக்காரர்களும் கைகொடுக்க, கட்டையை உருட்டிக்கொண்டு போய் ஆற்றில் தள்ளினார்கள். மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. இடுப்பளவு, இழுப்போடு ஓடிக்கொண்டிருந்தது. கட்டை ஒருதரம் உள்ளே போய் வெளியே வந்து, தண்ணீருக்குமேல் பாதிக்கு மேல் தெரிய நின்றது. அங்கமுத்து ஏறிக் குந்தினான். காலையிலிருந்து அகட்டி அகட்டி நடந்த மனுஷன் அவன்தானா என்று இருந்தது பச்சையம்மாவுக்கு. முதுகு நேராகிவிட்டது.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

"அண்ணே! ஊரூர் அண்ணே!"

ஞானதாஸ் வண்டியை மேலே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடிவந்தான். கையில் சிவப்புத்துணி கட்டிய கயிறு.

"மாம்பலத்துல அவுக்கறப்பதான் பாத்தேன். முடிச்சு முடிச்சா கீது, துணி வேற கட்டியிருக்குது. இது சும்மா கயிறு இல்லன்னு தெரிஞ்சுது. கொட்டினதும் மாட்ட முடுக்கிக்கினு வந்துட்டேன். உங்கள விசாரிச்சா, ஊரே சொல்லுது, ஒரு பொம்பள கட்டைல குந்திக்கினு தரைல துடுப்பு போடறான்னு!"

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கயிற்றைக் கட்டைமேல் பிடித்துப் பார்த்தார்கள். வால் முடிச்சு சரியாக இருந்தது. நடு முடிச்சும் அப்படியே. நீளத்தில் இரண்டு விரல்கடை மிச்சம்.

"சீவிக்கலாம்," என்றான் அங்கமுத்து. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"வண்டி பேசணும் இல்ல?" என்றார் சாயபு. "வண்டிப்பேட்டைல சொல்லிவுடறேன். ஆனா இந்த நேரத்துல கெடைக்கறது கஷ்டம்."

அங்கமுத்து தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தான். பிறகு பாலத்தைப் பார்த்தான். காலையில் அதன்மேல் நடந்து வந்தபோது அவன் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

"பாய், இது எந்த ஆறு?"

"இன்னாப்பா கேள்வி? அடையாறுதான்."

"இது எங்க வூட்டுக்குத்தானே போவுது!" என்றான் அங்கமுத்து. "வண்டி எதுக்கு எனக்கு? எம்மே, அந்தப் பலகைய எடு."

அவள் துடுப்பாகப் பிடித்திருந்த துண்டுப் பலகையை எடுத்துக் கொடுத்தாள். மடி முடிச்சை அவிழ்த்துச் சாயபுவிடம் கொடுத்தாள். அவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் போ தங்கச்சி, புள்ள காத்துக்கினு இருப்பான்," என்றார். புள்ளையைப் பற்றி அவள் எப்போது சொன்னாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை. கட்டையை ஆற்றுக்கு உருட்டும்போது எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

ஞானதாஸ் களைத்த மாட்டை இளைப்பாற விட்டு, பாலத்து நெரிசலில் ஊர்ந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் அவளைக் கிண்டி திருப்பத்தில் இறக்கிவிட்டான். அங்கிருந்து அவள் நடந்த நடையை மீன்காரிகள்தான் நடக்க முடியும். கோட்டூர் தோப்புகளைத் தாண்டும்போது மரங்களின் இடுக்கில் ஆறு தெரிந்தது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி. நின்று பார்க்க நேரமில்லை.

குப்பத்தை எட்டியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. மேற்கே அடையாற்று மரங்களுக்குமேல் சூரியன் ஒரு ஆள் உயரத்தில் நின்றது. ரங்கன் குளித்து, வேட்டி மாற்றி, தகரப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவள் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் வண்டி இல்லை.

"மரம் எங்கமா?"

"வருது."

"எங்க வருது? வண்டியே காணமே. நைனா எங்க?"

"வராருடா."

"யம்மா, எனக்காகப் பொய் சொல்லாத. இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. எனக்குக் கோவம் இல்ல."

அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் நடந்தாள்.

"அந்தப் பக்கம் பாக்காத. ஆத்தப் பாரு."

ஆறு கடலில் விழுகிற இடத்தில் மணல்மேடு. அதன்மேல் இருவரும் ஏறி நின்றார்கள். பின்னால் குப்பத்து ஆட்கள் சிலரும் வந்தார்கள். அடையாற்றுப் பாலத்துக்கு அடியிலிருந்து, வெயில் பட்டு மினுங்குகிற தண்ணீரில், ஒற்றைக் கட்டையின்மேல் ஒரு ஆள் குந்தி வந்துகொண்டிருந்தான். மரம் கிழக்கிலிருந்து வந்துதான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து வந்து ஒருவரும் பார்த்ததில்லை.

"யாருடா அது, தரைலேருந்து கடலுக்கு வர்றான்?" என்றது ஒரு குரல்.

ரங்கன் மாற்றின வேட்டியோடேயே தண்ணீரில் இறங்கினான். மார்பளவு தண்ணீரில் போய்க் கட்டையின் மூக்கைப் பிடித்தான். அவன் கட்டையைத் தட்டிப் பார்த்தான், பருமனைக் கையால் அணைத்துப் பார்த்தான். பிறகு கரிக்கோட்டைப் பார்த்தான். தண்ணீர் பட்டுப் பாதி அழிந்திருந்தது.

ஏறி, கோட்டின்மேல் முட்டியை வைத்துக் குந்தினான். வலது, இடது, இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தன.

"நைனா, கோடு போடறப்ப இங்க யாரு குந்தினது?"

அங்கமுத்து கரையைப் பார்த்தான்.

"உங்கம்மாவக் கேளு."

"நான் கட்டைலதான்டா குந்தினேன்!" என்று பச்சையம்மா கரையிலிருந்து கத்தினாள், குப்பம் முழுதும் கேட்கும்படி. "மரத்துல குந்தல!"

ரங்கன் சிரித்தான். கார்த்திகைக்குப் பிறகு அவன் சிரிப்பு சத்தம் அவள் காதில் விழுவது அன்றுதான்.

கட்டையைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அவன் குடிசைப் பக்கம் ஓடினான். ரோட்டில் யாரோ லாந்தரோடு வருவது தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவதாகச் சொன்ன அந்த மேஸ்திரிதான். ரங்கன் வாசலில் இருந்த தகரப்பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினான். லாந்தர்க்காரனிடம் என்னவோ சொன்னான். குடிசைக்குப் பின்னால் போனான்.

திரும்பி வரும்போது அவன் தோளில் கட்டுக்கயிறு கிடந்தது.